கட்டட நிர்வாகத்தார் சமூகத்துக்கு ஒரு நீராவி விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய நிர்வாகத்தார் அவர்கள் சமூகத்துக்கு,

நியூயார்க் நகரம் குயின்ஸ் பகுதியில், 1920-களில் எழுப்பப்பட்டுத் தற்போது தங்கள் பரிபாலனத்தில் இருந்துவரும் ஆறு மாடிக் கட்டடத்தில், பாய்லர் அறையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, ஐந்தாவது மாடியின் வடகோடியில் வசிக்கும் குடிக்கூலிக்காரன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

முதற்கண், இந்தக் குளிர்காலத்தில் தாங்கள் எங்களுக்குச் செய்துவரும் உபகாரங்களை வாயாரப் புகழ்வது என் கடமை. சீதோஷ்ண பேதங்களைக் காண வேண்டுமானால் தேசாந்தரம் போயாக வேண்டும் என்பது பழைய காலத்தார் எண்ணம். அந்தச் சிரமத்தையும் பிரயாணச் செலவையும் எங்களுக்கு வைக்காமல், இரண்டாவது மாடிக்காரர் ஜனவரி மாதத்துப் பனியில் ஜன்னல்களை அகலத் திறந்துபோட்டுக்கொண்டு பனியனோடு விசிறிக்கொள்ளவும், அதே முகூர்த்தத்தில் நான் கம்பளிக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு தோசை வார்க்கவும் தாங்கள் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். விடியற்காலம் நாலு மணிக்குச் சுவருக்குள் ஓடும் குழாய்களில் திடீரென்று எழும் சம்மட்டி ஓசையோ, சோம்பலை ஒழித்து எங்களைப் பிரம்ம முகூர்த்தத்தில் எழுப்பிவிடும் தர்ம கைங்கரியமென்றே சொல்ல வேண்டும். கடிகாரம் வைத்து எழுந்திருக்கும் வழக்கம் எங்கள் கட்டடத்தில் அறவே ஒழிந்துவிட்டது.

இவ்வளவு சௌகரியங்களுக்கு நடுவே நகரசபையாரின் சட்டத்தைப் பற்றி வாயெடுப்பது நன்றிகெட்ட செயல்தான். ஆயினும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அக்டோபர் 1-ஆம் தேதி முதல் மே 31-ஆம் தேதி முடிய, காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, வெளியே உஷ்ணம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்குமானால் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, வெளியே எப்படியிருந்தாலும், 62 டிகிரியாவது இருக்க வேண்டும். என் கூடத்துச் சுவரில் தொங்கும் உஷ்ணமானி, சட்டம் படிக்காத காரணத்தால், பட்டப்பகலில் 58-இல் நின்று தவம் செய்கிறது. இதைத் தங்கள் ஆபீஸுக்குத் தெரிவிக்கும்போதெல்லாம், டெலிபோனை எடுக்கும் புண்ணியவான் யாராயிருந்தாலும் வருகிற பதில் ஒன்றேதான்: “பாய்லரில் பிரஷரை ஏற்றச் சொல்லியிருக்கிறோம்.” அந்தப் பதிலைக் குறித்தே இந்த விண்ணப்பம்.

ஒற்றைக் குழாய் நீராவி முறை என்பது, தாங்கள் அறியாததல்ல, நிலவறைப் பாய்லரில் எழும் ஆவி எந்தக் குழாய் வழியே மேலே ஏறுகிறதோ, அதே குழாய் வழியே அது குளிர்ந்து நீராகித் தன் கனத்தாலேயே கீழே இறங்கி மீண்டும் பாய்லரை அடையும்படியாக, பம்பும் விசிறியுமின்றி நம் பாட்டனார் காலத்து மனிதர்கள் வகுத்த யுக்தி. இதில் மறைந்திருக்கும் மூன்றாம் பேர்வழி காற்று. பாய்லர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் குழாய்களையும் ரேடியேட்டர்களையும் நிரப்பிக்கொண்டிருப்பது அதுவே; அது வெளியேறினாலொழிய ஆவி உள்ளே வராது. கவிழ்த்துப் பிடித்த செம்பைக் குளத்தில் அமிழ்த்திப் பார்த்த எந்தச் சிறுவனும் இந்தச் சாஸ்திரத்தை அறிவான். ஆகையால்தான் ஒவ்வொரு ரேடியேட்டரின் விலாவிலும் கட்டைவிரல் பருமனில் ஒரு சிறு உலோகக் குப்பியைத் திருகி வைத்தார்கள். காற்று வரும்போது மெல்லச் சீறி வழிவிடுவதும், சுடும் ஆவி வந்து தொட்டவுடன் தானே மூடிக்கொள்வதுமாக, ஆளும் மேற்பார்வையும் இல்லாமல் ஆயுள் முழுதும் உழைக்கும் ஊழியன் அது. தங்கள் பெயிண்டர்கள், குடிக்கூலிக்காரர் மாறும்போதெல்லாம், சுவருக்கும் ரேடியேட்டருக்கும் பேதம் பாராட்டாத சமரச ஞானத்தோடு அந்தக் குப்பியின் மேலும் வர்ணம் பூசிப் பூசி, அதன் ஊசித்துவாரம் இருந்த இடம் தெரியாதபடி செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குப்பியை நகத்தால் சுரண்டினால் வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, அதற்கடியில் ஒரு வெளிர்மஞ்சள் என்று கட்டடத்தின் சரித்திரம் முழுவதையும் வாசிக்கலாம். காற்றுதான் போகாது.

சூப்பரின்டெண்டென்ட், எல்லோரும் சூப்பர் என்றழைக்கும் அந்த நல்ல மனிதர், என் மேல் இரக்கப்பட்டு என்னை நிலவறைக்கு அழைத்துச் சென்றார். கட்டடம் முழுவதிலும் உஷ்ணம் சம்பூரணமாக இருக்கும் இடம் அதுதான் என்று கண்டேன். குழாய்களைச் சுற்றியிருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் உறையை ஆரோக்கியத்தை முன்னிட்டு உரித்தீர்கள், அது நியாயமே. ஆனால் அதற்குப் பதிலாக வேறு உறை போடும் நாள் இன்னும் வரவில்லையாதலால், எங்களுக்கென்று புறப்படும் ஆவியில் கணிசமான பாகம் வழியிலேயே நீராகி, நிலவறையில் உலவும் எலிகளுக்குச் சுகவாசம் அளித்துவிட்டு மிச்சமே மேலே வருகிறது. பெருங்குழாய்களின் கோடியில் காற்றை மொத்தமாக வெளியேற்ற வைத்திருந்த பெரிய துவாரங்களை, ஒழுகுகிறதென்ற குற்றத்துக்காக யாரோ இரும்பு அடைப்பான் போட்டு நிரந்தரமாக மூடியிருக்கிறார்கள். பாய்லரின் கண்ணாடிக் குழலில் நீர்மட்டம் நிலையாக நிற்க வேண்டியிருக்க, காப்பிக் கஷாய நிறத்தில் ஒரு திரவம் எண்ணெய்ப் படலத்தோடு எழும்பிக் குதித்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணெயை மேலாக வழித்தெடுக்காத வரையில் பாய்லர் அனுப்புவது ஆவியாக இராது. பாதி ஆவியும் பாதி வெந்நீருமாகவே இருக்கும்.

இனி, தங்கள் சர்வரோக நிவாரணியான பிரஷருக்கு வருகிறேன். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாம்பல் நிறப் பெட்டியின் திருகை, ஆபீஸின் உத்தரவுப்படி, ஏற்றக்கூடிய மட்டும் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்கும் பாய்லருக்கும் நடுவிலுள்ள சுருள் குழாயோ துருவால் அடைபட்டு, அழுத்தமானியின் முள் எந்த நிலையிலும் பூஜ்யத்தை விட்டு அசையாத யோக நித்திரையில் இருந்தது. எனவே கீழே என்ன நடக்கிறதென்று பாய்லருக்கே தெரியாது. தங்களுக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. இம்மாதிரி வீடுகளைக் கட்டியவர்கள் சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டுக்குள் அடங்கும்படியே கணக்கிட்டார்கள். வானளாவிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கே இரண்டு மூன்று பவுண்டு போதும் என்று இந்த வேலை தெரிந்தவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் திரும்பி வரும் நீரை ஏறக்குறைய 28 அங்குலம் மேலே தள்ளி நிறுத்தும். அழுத்தத்தை ஏற்ற ஏற்ற, கீழே இறங்க வேண்டிய நீர் இறங்க வழியின்றிப் பெருங்குழாய்க்குள்ளேயே தேங்கும். தேங்கிய நீரின் மேல் வேகமாக வரும் ஆவி அதை அலையாக எழுப்பி, குழாயை அடைக்கும் கட்டியாக்கி, அடுத்த வளைவில் கொண்டுபோய் மோதும். நாங்கள் நாலு மணிக்குக் கேட்கும் சங்கீதத்துக்கு ஸ்வரம் பிடித்தவர் தாங்களே. அதுமட்டுமன்று, அழுத்தம் மிஞ்சினால் ஒருமுறை மூடிக்கொண்ட காற்றுக் குப்பி மறுபடி திறக்காது. ஆகவே ஐந்தாம் மாடி குளிர்கிறதென்று அழுத்தத்தை ஏற்றுவதும், ஏற்றியதனால் ஐந்தாம் மாடி மேலும் குளிர்வதும், மேலும் குளிர்வதால் மேலும் ஏற்றுவதும் என்று தங்கள் நிர்வாகம் ஒரு பூரண சக்கரமாகச் சுழல்கிறது.

சென்ற மாதம் தாங்கள் கதவு தோறும் ஒட்டிய சுற்றறிக்கையையும் இங்கே மெச்சியாக வேண்டும். உஷ்ணம் அதிகமானால் ரேடியேட்டர் வால்வை “வேண்டிய அளவுக்கு” மூடிக்கொள்ளலாம் என்று அதில் அருளியிருந்தீர்கள். ஒற்றைக் குழாய் முறையில் வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி மூடினால் ஏறும் ஆவியும் இறங்கும் நீரும் அந்தக் குறுகலில் மல்லுக்கு நின்று, ரேடியேட்டர் நீரால் நிறைந்து குப்பி வழியே தரையில் துப்பும். சுற்றறிக்கையைப் பக்தியுடன் அனுசரித்த மூன்றாவது மாடி அம்மாளின் மரத்தரை இப்போது பொருமிக் கிடக்கிறது.

பாய்லரை எழுப்பும் வெளிப்புற உஷ்ணமானியை, துணி உலர்த்தும் இயந்திரங்களின் அனல் வெளியேறும் துவாரத்துக்கு நேர் மேலே பொருத்தியிருப்பதன் சூட்சுமம் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. சனிக்கிழமை தோறும், குடியிருப்போர் எல்லோரும் துணி துவைக்கும் வேளையில், வெளியே வசந்தம் வந்துவிட்டதென்று பாய்லர் நம்பி உறங்கிப்போகிறது. இரண்டாம் மாடிக்காரர் ஜன்னலைத் திறப்பதைக்கூட நான் குறை சொல்லவில்லை. 1918-ஆம் வருஷத்து இன்ஃபுளூயன்ஸாவுக்குப் பின், திறந்த ஜன்னலே ஆரோக்கியம் என்ற வைத்திய உபதேசத்துக்கு இணங்க, ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்கும்படி பாய்லரையும் ரேடியேட்டரையும் பெரிதாக வைத்தார்கள் என்று இத்துறையில் பழுத்தவர்கள் கூறுவர். கட்டடத்தின் பூர்வாசாரத்தை இன்னும் கடைப்பிடிப்பவர் அவர் ஒருவர்தான்.

பழைய யந்திரம், இப்படித்தான் இருக்கும் என்று தங்கள் ஆபீஸார் அடிக்கடி சொல்வதை நான் ஏற்பதற்கில்லை. டான் ஹோலஹன் என்ற அமெரிக்கர் 1992-இல் இந்த விஷயமாக ஒரு நூல் வெளியிட்டு, நீராவியால் சூடேற்றுவது தொலைந்துபோன கலை என்று அதன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். தொலைத்தவர்கள் யாரென்று தலைப்பில் சேர்க்காமல் விட்டது அவருடைய நாகரிகம்.

ஆகவே சமூகத்தில் என் பிரார்த்தனை இவ்வளவே: சுருள் குழாயைச் சுத்தம் செய்து அழுத்தத்தை இரண்டு பவுண்டுக்குக் கீழே இறக்குங்கள்; நிலவறையில் மூடிய காற்றுத் துவாரங்களை முதலில் திறந்து, பிறகு வீடுகளில் புதுக் குப்பிகளைப் போடுங்கள்; நீர் வால்வை நோக்கி ஓடும்படி ரேடியேட்டரின் கோடிக் கால்களுக்கு ஒரு மரத்துண்டு அண்டைகொடுங்கள்; பாய்லரின் எண்ணெயை வழித்து, குழாய்களுக்கு உறை போடுங்கள். இவற்றில் உறை ஒன்று நீங்கலாக மற்றவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. மேலே அழுத்துவதை விட்டு, காற்றுக்கும் நீருக்கும் போக வழி விட்டால் இந்தக் கிழட்டு யந்திரம் தானே வேலை செய்யும். குடிக்கூலிக்காரர்கள் விஷயத்திலும் இதே சாஸ்திரம் செல்லும் என்பது என் அனுபவம்.

இதற்கும் அழுத்தத்தை ஏற்றுவதே தங்கள் பதிலானால், எனக்கு ஆட்சேபமில்லை. நகரசபையார் குடிகளின் பெருமூச்சு வெளியேறுவதற்கென்று 311 என்னும் டெலிபோன் எண்ணில் ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் வர்ணம் பூசத் தங்கள் பெயிண்டர்களால் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஐந்தாவது மாடி, வடகோடிக் குடிக்கூலிக்காரன்