நீலக்கொடி மகாத்மியம்
கோபன்ஹேகன் நகரில் வீற்றிருந்து, உலகத்துக் கடற்கரைகளுக்கெல்லாம் 33 நிபந்தனைகளை விதித்து, அவற்றில் தேறியவற்றுக்கு நீலக்கொடியை அனுக்கிரகிக்கின்ற சுற்றுச்சூழல் கல்வி ஸ்தாபனத்தின் அதிபர்கள், 2020-ஆம் வருஷம் அந்தமானின் ராதாநகர் கடற்கரைக்கும் அம்மரியாதையைச் செய்தார்கள். குப்பைத்தொட்டி, குளியலறை, ஜலபரிசோதனை யாவும் சாஸ்திரோக்தமாக அமைந்திருந்தன, சந்தோஷந்தான். மறுவருஷமே, அதே யூனியன் பிரதேசத்தின் தென்கோடியில், ஏழுவரி ஆமைகள் தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டுவரும் கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அந்தஸ்து, துறைமுகத்தை உத்தேசித்து ரத்தாயிற்று. ஆமைகளுக்கு 33 நிபந்தனைகளையும் வாசிக்கத் தெரியாதது அவற்றின் குறையேயன்றிக் கோபன்ஹேகனின் குறையன்று. துறைமுகமும் விமான நிலையமும் நகரமுமாக எழவிருக்கும் அப்பெருந்திட்டத்துக்கென அழியும் மழைக்காட்டுக்குப் பிராயச்சித்தமாக மரம் நடுவதற்குத் தேர்ந்தெடுத்த ஸ்தலம், சமுத்திரத்தையே கண்டறியாத ஹரியானா.