அம்மனுக்கு ஐந்து நாள் லீவு

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் யாருக்கும் மனசு சரியில்லாமல் போவதே கிடையாது. எல்லாம் கேஸ் டிரபிள்தான். மகள் கல்யாணம் தட்டிப்போனால் கேஸ். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் கேஸ். சின்ன வெங்காயம் பட்டறையிலேயே அழுகினால் நெஞ்சில் ஏறி நின்றுகொள்ளும் கேஸ். அரியலூர்க்காரர்களுக்குப் பழிபோட சிமெண்ட் தூசியும் உண்டு, கொடுத்துவைத்தவர்கள்.

மாவட்டங்களே அப்படித்தான். 2001இல் அரியலூர் பெரம்பலூரை விட்டுத் தனிக்குடித்தனம் போனது; 2002இல் திரும்பி வந்தது; 2007 நவம்பரில் மறுபடி பெட்டியைக் கட்டியது. இத்தனைக்கும் இருவரும் ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேசியதாகத் தெரியவில்லை.

விவரமானவள் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன்தான். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆற இங்கே வந்து உட்கார்ந்தாள் என்பது ஊர்க்கதை. விசேஷ நாட்களை விட்டால் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. மற்ற நாட்களில் அவள் பெரியசாமி மலையில் இருப்பதாக நம்பிக்கை. ஊரையே கொளுத்திய கோபம் ஆற வேண்டுமென்றால் லீவு எடுக்காமல் முடியுமா?

பக்தர்களுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. மாவிளக்குக்கு அரிசியைக் கோயிலிலேயே உரலில் போட்டு இடிப்பார்கள். என் பெரியம்மா இடிப்பதைப் பார்த்தால் உள்ளே இருப்பது அரிசியா பெரியப்பாவா என்று எனக்குச் சந்தேகம் வரும். இடித்து முடித்ததும் அவள் முகத்தில் அப்படியொரு தெளிவு!

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த வாசலில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால், "பல்லைக் காட்ட வந்தேன்" என்று இளிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பெரியம்மாவிடம் 14416 என்ற மனநல உதவி எண்ணைப் பற்றிச் சொன்னேன். டெலி மனஸ், 2022 அக்டோபரில் வந்தது. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

"எனக்கென்ன கிறுக்காடா புடிச்சிருக்கு? முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட குடும்ப விசயத்தச் சொல்லுவாங்களா?"

அன்றைக்கு மத்தியானமே துறையூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம், குரும்பலூர் வருவதற்குள் பெரியப்பாவின் ஜாதகத்தையே விரித்துவிட்டாள். அந்த அம்மாவும் தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தார். இரண்டு பேரும் மாறி மாறி மூக்கைச் சிந்தினார்கள். அந்த அம்மா இறங்க எழுந்தபோது பெரியம்மா என் தோளைத் தட்டினாள்.

"ஏன்டா, ஏதோ நம்பரு சொன்னியே, அத இவங்களுக்கு எழுதிக் குடு. பாவம், ரொம்ப நொந்துபோயிருக்காங்க."