வலை கேட்கும் வள்ளல்

டெபியன் என்னும் இயங்குதள வள்ளலே, உன் கொடையை இறம்பொடை மலையில் நின்று பாடுகிறேன். 1993இல் பிறந்த நாள் முதல் உன்னைப் பயன்படுத்த நீ ஒருவரிடமும் காசு கேட்டதில்லை. ஆயிரமாயிரம் மென்பொருள் பொதிகளைக் களஞ்சியத்தில் குவித்து, யாரும் அள்ளிக்கொள்ளட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தாய். கதவுவரை வரும் பாதையை மட்டும் நாங்களே கொண்டுவர வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளையொன்று பழைய மடிக்கணினியில் உன்னை ஏற்றுகிறது. உள்ளே இருப்பது புரோட்காம் வைஃபை சில்லு. அதை எழுப்பும் பொதியும் உன்னிடம் உண்டு, பெயர் ஃபேர்ம்வெயார்-பி43-இன்ஸ்டாலர். வைஃபை இல்லாதவருக்கு வைஃபை தரும் அந்த அருமருந்தை வலையில் வந்து எடுத்துக்கொள் என்கிறாய். கேபிள் குத்தலாம்தான், லயத்து அறையில் ரௌட்டர் ஏது? பிள்ளை பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய், பென் டிரைவில் பொதியைப் போட்டுக்கொண்டு வருகிறது. முதலில் நீ துணைப் பொதிகளைக் கேட்கிறாய். மறுபடி பஸ். அவற்றையும் கொடுத்த பிறகுதான் தெரிகிறது, அந்தப் பொதிக்குள் சில்லை இயக்கும் ஃபேர்ம்வெயாரே இல்லை என்பது. உற்பத்தியாளர் மறுவிநியோகத்துக்கு இசையாததால், நிறுவும் நேரத்தில் வலைக்குப் போய் அதை எடுத்துவரும் கட்டளைகளை மட்டும் வைத்திருக்கிறாய். பசித்து வந்தவனுக்குச் சோற்றுக்கடையின் முகவரியை அன்போடு எழுதிக் கொடுக்கிற கை உன் கை.

உன் கொள்கை உறுதியை எப்படிப் பாட! 2011 பெப்ரவரியில் டெபியன் 6 வெளிவந்தபோது, கட்டற்றதல்லாத ஃபேர்ம்வெயாரை லினக்ஸ் கருவிலிருந்தே களைந்தாய். அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அதற்கு இடமில்லை என்றாய். 2022இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் டெபியன் 12 வந்தபோதுதான் மனம் இளகினாய். பன்னிரண்டு ஆண்டுத் தவம்! வீட்டில் இணைப்பு இருந்தவர்கள் வேறு வழியில் இறக்கிக்கொண்டார்கள். அந்தத் தவத்தின் பட்டினியை இருந்தவர்கள் பக்கம் விடாமல், இல்லாதவர்களுக்கே முழுதாக ஒதுக்கிய நீதி உன்னுடையது. பி43 சில்லுக்காரருக்கு அந்தத் தவம் இன்னும் முடியவில்லை.

மலைக்குக் கீழே கொத்மலைச் சமூக வானொலி பாவம், இந்த மேன்மை அறியாதது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு இணையத்தைப் பெற்றதும், கேட்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்களே வலையில் விடை தேடி அலைவரிசையில் சொன்னார்கள். இணைப்பு இல்லாத வீட்டுக்கு இணையத்தை அவர்களே சுமந்து போனார்கள். உன் தகுதிக்கு அது இறங்கிய வேலைதான்.

உன் கருணைக்குச் சான்றும் இருக்கிறது. இந்தியாவின் ரித்தேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன் என்றொரு கருவி. எந்தெந்தப் பொதி தேவை என்று வலையில்லாத கணினி ஒரு கோப்பில் எழுதித் தரும், அதைப் பென்னில் எடுத்துப்போய் டவுனில் உள்ள கணினியில் கொடுத்தால் துணைப் பொதிகளோடு எல்லாம் இறங்கும், கொண்டுவந்து நிறுவிவிடலாம். துணைப் பொதிகளுக்கென்று தனிப் பயணம் வேண்டாம். எங்கள் மலைக்கென்றே செய்தது போன்ற கருவி. அதை நீ இயல்பு நிறுவலில் சேர்ப்பதில்லை. வேண்டுவோர் வலையிலிருந்து நிறுவிக்கொள்ளலாம் என்று பெருமனதோடு விட்டிருக்கிறாய். உன் புகழ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, வள்ளலே, அதை முதல் வட்டிலேயே நிறுவிக் கொடு.