பருத்திப்பாலும் பரதேச வர்த்தமானமும்

உலக விவகாரங்களை அறிந்துகொள்ள மேனாட்டுத் தலைநகரங்களுக்கு யாத்திரை போவோர் போகட்டும். அருப்புக்கோட்டையில், அந்தி மயங்கும் வேளையில் வந்து நிற்கும் பருத்திப்பால் வண்டியண்டை கால் நாழிகை நின்றாலே போதும் என்பது என் அபிப்பிராயம். இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி அமலுக்கு வந்த 2025 ஆகஸ்ட் 27 அன்று மாலை அங்கேதான் நின்றிருந்தேன். அதற்கு எட்டு நாள் முன்னரே நம் சர்க்கார், அந்நியப் பருத்திமீதிருந்த 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக ரத்து செய்திருந்தது. அமெரிக்கப் பருத்தியும் அதில் அடக்கம். நூல் ஆலைகளுக்கு அது அநுகூலம், வாஸ்தவம். புரட்டாசி மழையை எதிர்பார்த்துக் கரிசலை உழுதுபோட்டிருக்கும் திருச்சுழிச் சம்சாரிக்கோ, அடித்தவனுக்கே ஆலாத்தி எடுத்த கதை.

"பருத்தி போடலாமா வேணாமான்னு அந்த வெள்ளைக்காரனைக் கேட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார், டம்ளரின் அடியில் தங்கிய தேங்காய்த் துருவலை விரலால் வழித்துக்கொண்டே ஒரு பெரியவர்.

"செப்டம்பர் 30 வரைக்குந்தானே ஐயா, அப்புறம் பழைய வரி வந்துவிடும்" என்று, பத்திரிகை படித்த கர்வத்தோடு சமாதானம் சொன்னேன்.

மறுநாளே அதை டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டார்கள். பெரியவர் அந்த வருஷம் மக்காச்சோளம் விதைத்தார்.