உப்புக்காற்றும் ஓப்பன் சோர்சும்

எங்கள் பிரம்மதேசத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம், மேற்கே போனால் திண்டிவனம், நடுவில் நாங்கள். ஊரில் நின்று பார்த்தால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சைக்கிள் செயினைப் பார்த்தாலே கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கதவுத் தாழ்ப்பாளையும் ஜன்னல் கம்பியையும் விட்டுவைக்காத காற்று, கணினியை மட்டும் மரியாதையாக நடத்துமா?

இதில் விஞ்ஞானம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துக்கொண்டு தானே கரைய ஆரம்பிக்கும். ஐப்பசியில் அடுக்களை உப்பு ஜாடி நசநசவென்று ஆவது இதனால்தான். அதே உப்பு மதர்போர்டில் தூசியாகப் படிந்திருந்தால், ராத்திரி ஈரத்தில் உப்புத்தண்ணீராகி, மின்சாரம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் வழி போட்டுக் கொடுக்கும். செம்புக் கோடுகள் பச்சை கட்டும். ஒருமுறை என் மடிக்கணினியைச் சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்த பையன் கேட்டான்:

"தண்ணியில போட்டுட்டீங்களா சார்?"

"இல்லப்பா, ஊர்ல வெச்சிருந்தேன்."

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, தாளில் 'தண்ணீர் பட்ட சேதம், வாரண்டி கிடையாது' என்று எழுதினான். ஒரு ஊரே வாரண்டிக்கு வெளியே இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் இங்கே தொழில்நுட்ப ஆர்வலனுக்கு முதல் தகுதி ஸ்குரூடிரைவர். இரண்டாவது, ஐபிஏ எனப்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாட்டிலும் பழைய டூத் பிரஷும். பிரஷ் பழையதா புதியதா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, உப்பைத் தேய்த்துத் துடைத்து, மறுபடி பூட்டுவேன். கழற்ற முடியாத சாமான் எங்கள் ஊரில் நிலைக்காது. இப்போது வரும் போன்களில் திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் பசை இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகாது என்கிறார்கள். நாமும் போக முடியாது என்பதைச் சொல்வதில்லை.

திருகாணிக்குச் சொன்னது மென்பொருளுக்கும் பொருந்தும். அதை எனக்குத் தெளிவாக்கியவர் என் பெரியப்பா. அவர் மரக்காணத்தில் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து உப்பு வாரியவர். மவுஸைக் கையால் தொட்டதில்லை. ஒருநாள் நான் புதிதாக வாங்கிய மென்பொருளின் ஒப்பந்தத்தைக் கணினித் திரையில் உருட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாடா இது, பத்திரமா?"

"அது மாதிரிதான் பெரியப்பா."

"காசு குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சு."

"அப்ப அது உன்னுதா?"

"என்னுது இல்ல. பயன்படுத்திக்க அனுமதி குடுத்திருக்காங்க."

"இன்னொருத்தனுக்குக் குடுக்கலாமா?"

"கூடாது."

"உள்ள இன்னா கீதுன்னு பிரிச்சுப் பாக்கலாமா?"

"அதுவும் கூடாது."

"அவன் நாளைக்கு வேணாம்னுட்டா?"

"நிறுத்திக்கலாம். அவங்க இஷ்டம்."

"அப்ப குத்தகைன்னு சொல்லேன். இதுக்கு எதுக்குடா இம்மாம் நீட்டு இங்கிலீசு? எங்க குத்தகையில மழை வந்து உப்பு கரைஞ்சா நஷ்டம் எங்களுது. இதுல?"

"இதுல எழுதி வெச்ச வேலை அழிஞ்சு போனாலும் நஷ்டம் நம்மளுதுதான். கடைசி பக்கத்துல போட்டிருக்கான்."

"சரிதான். குத்தகையேதான்."

என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். கணினிச் சட்டம் படித்தவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியதை, அவர் ஒரு வாய் வெற்றிலைக்குள் முடித்துவிட்டார்.

அவர் சொன்னதற்கு உலகம் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான், கிண்டிலில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளுக்குள் நுழைந்து, அந்தப் பதிப்பை அழித்தது. விற்றவருக்கு அந்த நூலின் உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு வருத்தமும் தெரிவித்தார்கள். மக்களை ஓயாமல் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவல் அது. அலமாரி நிறைய நாவல்கள் இருக்க, சரியாக அதைப் போய் அழித்தார்களே, அந்தப் பொருத்தத்தை எந்தக் கதாசிரியரும் யோசித்திருக்க மாட்டார். அடுத்த சாட்சி: விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற சில்லும், ஓரளவு புதிய பிராசசரும் இருக்கவேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் கோடிக்கணக்கில் ஒரே நாளில் வயசானவை ஆகிவிட்டன. கணினி கெடவில்லை, குத்தகைதான் முடிந்தது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது 2011-லேயே தெரிய வந்திருக்கவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதலில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது பாஸ் லினக்ஸ்: டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய இந்தியத் தயாரிப்பு. பெயர்தான் பாஸ், பெரும்பாலான வீடுகளில் அதன் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை. கணினியைப் போட்டதும் எல்லார் விரலும் விண்டோஸுக்குத்தான் போகும்.

என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது. கிடைத்த அன்று அவள் செய்ய நினைத்த முதல் காரியம், திரையில் சூர்யா படத்தை வைப்பது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. அந்தப் பதிப்பை அப்படித்தான் செய்திருந்தார்கள். அவள் முகம் வாடியது. பாஸில் மாற்றலாம் என்று சொன்னேன். சுதந்திரம், பாதுகாப்பு, சிக்கனம் என்று லினக்ஸுக்கு மாறியவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். என் தங்கை மாறியது சூர்யாவுக்காக. என்னைக் கேட்டால் அதுவும் சுதந்திரத்தில்தான் சேர்த்தி.

பெரியப்பாவுக்கு மட்டும் லினக்ஸ் மேல் சந்தேகம் தீரவில்லை. "சும்மா குடுக்கிறான்னா சரக்கு மட்டமாத்தான்டா இருக்கும்" என்றார். 1991 ஆகஸ்டில் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் பொழுதுபோக்காகச் செய்வதாக அறிவித்த வேலை இது என்று சொன்னேன். "படிக்கிற புள்ள படிக்காம செஞ்சதா?" என்றார். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்றேன். அது அவரை அசைக்கவில்லை. அவருக்குத் தெரிந்து யாரும் சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருக்கவில்லை. கடைசியில், அவர் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது என்றேன். போனை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் அடிக்கடி சூடாவுதா?" என்றார்.

லினக்ஸ்காரர்களைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று கட்சி. உபுண்டுவா மின்ட்டா, டெபியனா பெடோராவா என்று ஆரம்பிக்கும் பேச்சு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டும். ஆர்ச் லினக்ஸ் வைத்திருப்பவரைக் கண்டுபிடிக்க நாம் சிரமப்பட வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். ஒரே பெயரில் இத்தனை எதற்கு என்று வெளியாள் கேட்பது நியாயம்தான். பிரம்மதேசத்துக்காரனான எனக்கு மட்டும் அது உறைக்காது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பிரம்மதேசம், செய்யாறு பக்கம் ஒரு பிரம்மதேசம், எங்கள் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் பக்கத்தில் இன்னொரு பிரம்மதேசம். நான் வரவழைத்த ஒரு ரேம், என்னைவிட அதிகமாகத் தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீடு வந்தது.

ஆனால் இந்தக் கட்சிக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கற்றுத்தருகிறது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதியது. இங்கிலீஷைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளைகூடத் தமிழில் படித்து டெர்மினலைத் திறக்கலாம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்து என் அம்மா, "டேய், பேங்குல திருடுறியா?" என்று கேட்டது தனிக்கதை.

விளையாட்டுக்கு வருகிறேன். கணினி விளையாட்டைப் பற்றி என் முதல் கொள்கை: நிறுத்தி வைக்க முடியாத ஆட்டம் குடும்பஸ்தனுக்கு ஆகாது. "கேஸ் தீந்துடுச்சு, சிலிண்டர் மாத்துங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்போது, "இன்னும் 30 பேர் உயிரோட இருக்காங்க" என்று பதில் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு முதலில் அவுட் ஆவது நீங்கள்தான்.

இரண்டாவது கொள்கை: இணையம் இல்லாமல் ஓடாத ஆட்டமும் ஆகாது. அதைக் கற்றுக்கொடுத்தது நிவர் புயல். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டிப் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கரன்ட் இல்லை, டவர் இல்லை. இன்வெர்ட்டரில் கொஞ்சம் உயிர் இருந்தது. பயத்தில் தூங்காத பிள்ளைகளுக்காக மடிக்கணினியைத் திறந்து, காசு கொடுத்து வாங்கிய ஒரு விளையாட்டைப் போட்டேன். ஒருவரே தனியாக ஆடுவது. அது கேட்டது: இணையம் எங்கே? வெளியே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று, நான் அதனிடம் என்ன சொல்ல? எத்தனை முறை அழுத்தினாலும், இணைப்பைச் சரிபார்க்கவும் என்றே சொன்னது. சூப்பர் டக்ஸ் கார்ட்டைத் திறந்தேன். லினக்ஸ் பென்குவின் வண்டி ஓட்டும் இலவச விளையாட்டு. ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடியது. பொழுது விடியும்வரை எங்கள் வீட்டில் இரண்டு சத்தம்தான்: வெளியே நிவர், உள்ளே பென்குவின்.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2014-இல் வெளிவந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-ஆம் தேதி யூபிசாஃப்ட் நிறுத்தியது. முழுக் காசு கொடுத்து வாங்கியவர்களும் அதற்குமேல் தனியாகக்கூட ஆட முடியவில்லை. அந்தக் கோபத்தில் ஐரோப்பாவில் கிளம்பிய இயக்கம் 2025-இல் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்தது. இதற்கு நேர் எதிர் 'டூம்'. 1993-இல் வந்த விளையாட்டு. 1997-இல் அதன் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் பொதுவில் வைத்துவிட்டது. அதற்குப் பிறகு அதைக் கொல்ல ஆளில்லை. கால்குலேட்டரில் ஓடியது, கேமராவில் ஓடியது. 2022-இல் ஒருவர் ஜான் டியர் டிராக்டரின் திரையிலேயே ஓட்டிக் காட்டினார். தன் டிராக்டரைத் தானே பழுது பார்க்க முடியாமல் விவசாயிகள் தவிக்கும் காலத்தில், டிராக்டருக்குள் அவர் புகுந்து விளையாடியது வெறும் விளையாட்டு இல்லை.

லினக்ஸில் விளையாட்டே கிடையாது என்ற பழைய கேலியும் இப்போது செல்லாது. வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டான் என்ற மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு, விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் லினக்ஸில் ஓடுகின்றன. 2022-இல் வந்த அவர்களுடைய ஸ்டீம் டெக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. அதே வால்வின் கடை 2024 முதல், காசு கட்டும் பக்கத்தில், நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று எழுதி வைத்திருக்கிறது. பெரியப்பா அதைப் பார்த்தால் மெச்சுவார். குத்தகைதான், ஆனால் முகத்துக்கு நேரே சொல்கிற குத்தகை.

அன்றாடத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்பவர்கள், ஏதோ வெளிநாட்டுக் கருவியின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். மிக்ஸி என்பேன். கப்ளர் தேய்ந்தால் கப்ளர் தனியாகக் கிடைக்கும். கார்பன் பிரஷ், ஜாருக்குப் பிளேடு, வாஷர் எல்லாமே திண்டிவனம் கடைவீதியில் சில்லறையாகக் கிடைக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றுவார். மிக்ஸி என்னிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டதில்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறது, பொறுத்திருங்கள் என்று சட்னி பாதியில் நின்றதில்லை. இப்போது வைஃபை உள்ள வாஷிங் மெஷின் விற்கிறார்கள். அழுக்குத் துணி இரண்டடி தூரத்தில் கிடக்கிறது. அதைப் போட நான் எழுந்துதான் போகவேண்டும். போனவனுக்குப் பொத்தானை அமுக்கத் தெரியாதா?

எல்லாவற்றிலும் என்னைத் தோற்கடித்த ஒரே இயந்திரம் பிரின்ட்டர். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய துணை உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மூலக்கதையே ஒரு பிரின்ட்டரில்தான் ஆரம்பிக்கிறது. 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரின்ட்டரைக் கொடுத்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி நிரலைத் திருத்த நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரலைக் கேட்டார்; கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983-இல் அவரை குனு திட்டத்தை அறிவிக்க வைத்தது. குனு வந்தது, லினக்ஸ் வந்தது, சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. காகிதம் மட்டும் இன்னும் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

என் பிரின்ட்டர் மற்ற மூன்று மையும் நிறைய இருக்கும்போது, மஞ்சள் இல்லை என்று கறுப்பு எழுத்தை அடிக்க மறுக்கிறது. மகளின் பள்ளிக்கூட புராஜெக்டுக்கு நாளை காலை நான்கு பக்கம் வேண்டும். "எல்லாத்தையும் கழட்டி மாட்டுறீங்க, இதை ஒரு வழி பண்ண முடியலையா?" என்று மனைவி கேட்கிறாள். 2014-இல் ஓர் ஆராய்ச்சியாளர் பிரின்ட்டரின் சின்னத் திரையிலேயே டூம் ஓட்டிக் காட்டியிருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். முயன்றால் எனக்கும் வரும், ஒரு ராத்திரி போதும் என்றும் சொன்னேன்.

"அதுல நாலு பக்கம் பிரின்ட் வருமா?" என்றாள்.

வராதுதான். ஆனால் அதற்கப்புறம் அந்த பிரின்ட்டர் எங்களுடையது.