எழுபது வளைவுகளில் ஒரு வாக்கியம்: குரல்வழி எழுத்து குறித்துக் கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

வாயால் சொல்லக் கைப்பேசி எழுதிக்கொள்ளும் முறையைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட கருத்துகள் எல்லாம் சமவெளியில் உட்கார்ந்து சொல்லப்பட்டவை. அதுவே அவற்றின் முதற்குறை. கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, "இன்று மழை பெய்கிறது" என்று ஒரு வரி சொல்லிப் பார்த்து, "அட, சரியாகத்தான் எழுதுகிறது" எனத் தீர்ப்பளிப்பது ஆய்வாகாது. நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு வளைவு எண்ணும் போட்டிருக்கிறார்கள். தமிழ் உரைநடையை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் நம்மிடம் இல்லை. நெடுஞ்சாலைத் துறை இதை அறியாமலேயே பராமரித்துவருகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு நிறுவப்போவது ஒன்றுதான்: கருவி தப்பாகக் கேட்கிறது என்பது சிறுகுறை, புரியாதபோது திருப்பிக் கேட்பதில்லை என்பதே பெருங்குறை.

ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது புதுமையன்று. வியாசர் பாரதம் சொல்ல விநாயகர் எழுதினார் என்பது நாடறிந்த கதை. அதில் பலரும் கதையாக மட்டுமே பார்க்கும் பகுதி, இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம். நீர் நிறுத்தாமல் சொல்ல வேண்டும், நிறுத்தினால் என் எழுதுகோலும் நின்றுவிடும் என்பது விநாயகரின் நிபந்தனை. பொருள் புரியாமல் எதையும் எழுதக்கூடாது என்பது வியாசரின் நிபந்தனை. மூச்சு வாங்க அவகாசம் தேவைப்பட்டபோதெல்லாம் அவர் ஒரு முடிச்சுச் சுலோகத்தைப் போட்டுவிட்டு, விநாயகர் யோசிக்கும் நேரத்தில் அடுத்ததைத் தயார்செய்துகொண்டாராம். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழுக்குக் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தபோது, முதல் நிபந்தனை மட்டும் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்தது: சற்று யோசித்தால் மைக் தானே அணைந்துவிடும். இரண்டாம் நிபந்தனை வரவேயில்லை. முடிச்சுச் சுலோகத்தை இதனிடம் சொன்னால் அரைநொடிகூடத் திகைக்காமல் எதையோ எழுதிவிடும். வியாசருக்கு மூச்சே கிடைத்திருக்காது. (புனே பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்பு இந்த விநாயகர் கதையை இடைச்செருகல் என்று மூலத்திலிருந்து விலக்கிவிட்டது. எழுதியவரையே அழித்த திருத்தம் உலகில் வேறு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.)

இனி வளைவுகளுக்கு வருவோம். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்கிறார் வன்பரணர், புறநானூற்றின் 152ஆம் பாட்டில். தமிழ் வாக்கியமும் அப்படிப் போவதுதான். வீழ்த்தி, கடந்து, உருட்டி, சாய்த்து என்று எச்சங்கள் வழியே ஓடி, கடைசியில் ஒரு வினைமுற்றில் தைக்கும். பன்னிரண்டாம் வளைவில் பேருந்து திரும்புகிறது, ஹார்ன் அலறுகிறது, சொல்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் வாயை மூடுகிறார். அம்பு அப்போது புலியின் வாயில் இருக்கிறது. எழுதுபவர் மனிதராக இருந்தால் காத்திருப்பார். கருவிக்கு இது வளைவா முடிவா என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. எஞ்சிய மூன்று விலங்குகளும் அன்று பிழைத்துக்கொள்ளும். அதே பாட்டில், அம்பு எய்தவன் ஓரிதானோ, அல்லனோ என்று வன்பரணர் ஐயப்படுவதையும் கவனிக்க வேண்டும். நேரில் நின்று பார்த்தவருக்கே சந்தேகம் வந்தது. அதை அவர் பாட்டிலேயே வைத்தார்.

இங்கே ஒரு வலுவான தடை எழும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) புராணம் புராணமாக வாயால் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள், உ.வே.சாமிநாதையர் அதைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். அது நடந்ததென்றால் இது ஏன் நடக்காது? நடந்ததற்கு இரண்டு காரணங்கள். எழுதியவர்கள் தமிழ் கற்றவர்கள் என்பது ஒன்று. சொல்லப்பட்டது செய்யுள் என்பது இரண்டாவது, அதுவே முக்கியமானது. ஒரு சொல் தவறினால் எதுகை இடறும், சீர் நொண்டும், தளை தட்டும். பிழையைக் காட்டிக்கொடுக்கும் காவலை யாப்பு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கொல்லிமலை அறப்பளீசுரர்மீது அம்பலவாணக் கவிராயர் பாடிய சதகத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரே விளியில் முடிகிறது. இறைவனை அழைத்தாயிற்று என்றால் பாட்டு முடிந்தது. இதற்கு ஈடாக நம்மிடம் இருப்பது என்ன? 'முற்றுப்புள்ளி' என்று உரக்கச் சொன்னால், கருவி பெரும்பாலும் 'முற்றுப்புள்ளி' என்று ஏழெழுத்தில் எழுதிவைக்கும். ஆகவே குரல்வழி எழுத விரும்புவோர் வெண்பாவில் பேச வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். ஈற்றடி முச்சீராகி, நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றால் முடிவதால் நிறுத்தக்குறி பற்றிய சிக்கலே எழாது. விடுப்பு விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இது கடினம் என்பார்கள். கடினம்தான், அவை குறையும் என்பது கூடுதல் பயன்.

புதிய கருவிகள் நிறுத்தக்குறியிட்டுப் பிழையையும் தாமே திருத்துகின்றனவே என்பது அடுத்த தடை. அவை திருத்தும் விதத்தைப் பார்க்க வேண்டும். கேட்ட ஒலிக்கு, தாம் படித்த குவியலில் எந்தச் சொல்வரிசை அதிகம் வரக்கூடியதோ அதைத் தேர்கின்றன. எனவே எல்லோரும் சொல்வதைச் சொல்பவருக்குப் பிழையே வராது; புதிதாக ஒன்று சொல்பவருக்குத்தான் வரும். பேச்சில் ரகர றகர வேறுபாடு பலரிடம் மறைந்துவிட்டதால் அறப்பளீசுரர் இடையினத்துக்கு மாறுவார். இம்மலைக் கதைகளில் வரும் கொல்லிப்பாவை 'சொல்லிப் பாரு' ஆகவும் வாய்ப்புண்டு. அந்தப் பாவைகூட, வருபவன் அசுரன் என்று வாடையால் அறிந்த பிறகே சிரித்துக் கொன்றதாகக் கதை; கருவி அந்த அளவுக்குக்கூட உறுதிசெய்துகொள்வதில்லை. கருவியின் பிழையைத் திருத்தலாமென்று "மேல் வரியில் அந்தச் சொல்லை எடுத்துவிடு" என்றால், அதுவும் அடுத்த வரியாக ஏறிக்கொள்ளும். எழுத்தும் எழுத்தைப் பற்றிய ஏவலும் ஒரே வாய்வழியே வருகின்றன. மாணவர்கள் இரண்டையும் தொனியால் பிரித்தறிந்ததால்தான் பிள்ளையவர்கள் சொன்ன "அது வேண்டாம், தள்ளு" எந்தப் புராணத்திலும் இல்லை. கை வழங்காதவர்க்கும் கண் தெரியாதவர்க்கும் இக்கருவி பெரும் உதவி என்பதில் எனக்கு மறுப்பில்லை. கையிருந்தும் சோம்பலால் வாயை நாடுவோரே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

முடிவுகளைச் சரிபார்க்க ஒரு சோதனை முன்மொழியப்படுகிறது. காரவள்ளியில் செம்மேட்டுப் பேருந்தில் இருவரை ஏற்ற வேண்டும். ஒருவர் கைப்பேசியிடம் சொல்வார், மற்றவர், புரியாவிட்டால் "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்கத் தெரிந்த ஒரு மாணவரிடம் சொல்வார். எழுபதாம் வளைவில் இரண்டு படிகளையும் ஒப்பிட வேண்டும். வளைவுகளில் குனிந்து எழுதும் மாணவர் நாற்பதாம் வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவார், கைப்பேசி எடுக்காது என்று ஒரு தடை எழுப்பப்படலாம். இதை மட்டும் மறுக்க இயலவில்லை. நல்கை விண்ணப்பத்தில் எலுமிச்சம்பழத்துக்குத் தனித் தொகை கேட்கப்பட்டுள்ளது.