சிற்றில் சிதைப்பும் ஒப்புக்குச் சப்பாணியும்: மழலையர் வகுப்பு மணல்வெளி குறித்த ஓர் ஆய்வு

மழலையர் பள்ளிக்கு மணல் விளையாட்டைக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் மேலை நாட்டு அறிஞர்கள் தயங்காமல் ஜெர்மனியைக் கைகாட்டுவார்கள். கல்வியாளர் ஃப்ரோபல் 1837-ல் பாட் பிளாங்கன்பர்கில் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். பெர்லின் பூங்காக்களில் பிள்ளைகளுக்காக மணல் கொட்டினார்கள். அதைப் பார்த்து 1885-ல் பாஸ்டனும் கொட்டியது. இந்த வரலாற்றில் ஸ்ரீவில்லிபுத்தூர் விடுபட்டுப்போனது ஆய்வுலகின் கவனக்குறைவு.

அந்த ஊர் ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுக்க ஒரே வழக்கு. சிறுமிகள் மணலில் சிற்றில், அதாவது சின்ன வீடு, கட்டுகிறார்கள், கண்ணன் வந்து கலைக்கிறான். பலன் சொல்லும் கடைசிப் பாசுரம் போக மற்றதெல்லாம் அந்தப் புகார்தான். முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டினோம் என்கிறார்கள். விளையாட்டுச் சாமான் பட்டியலும் உண்டு: வட்ட வாய்ச் சிறுபானை, குட்டிச் சுளகு, சலித்த மணல். இன்றைய வகுப்பில் பானை போய்க் கொட்டாங்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் வந்திருக்கின்றன. புகார் மட்டும் அப்படியே இருக்கிறது: "மிஸ், இவன் என் வீட்டை மிதிச்சிட்டான்!"

ஆண்டாளின் தகப்பனார் இன்னும் முறையான ஆய்வாளர். செங்கீரை, சப்பாணி, தளர்நடை, பின்னால் ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வது, அப்பூச்சி காட்டுவது என்று பெரியாழ்வார் ஒவ்வொன்றுக்கும் தனித் திருமொழியே பாடிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சிற்றிலுக்கு விண்ணப்பம் போட யாருக்கும் தோன்றவில்லை.

இனி கோட்பாடு. அமெரிக்காவின் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் மழலையரைக் கவனித்துக் கூட்டுறவின் படிகளை ஆறாகப் பிரித்தார். சும்மா இருப்பது, தனியாக விளையாடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடுவது, கலந்து விளையாடுவது, சேர்ந்து திட்டமிட்டு விளையாடுவது. அருமையான பகுப்பு. ஆனால் ஒப்புக்குச் சப்பாணியை எந்தப் பெட்டியில் போடுவது?

அவன் பெரும்பாலும் யாருக்காவது தம்பி. கல்லா மண்ணா ஆட்டத்தில் எல்லாரோடும் ஓடுவான், மண்ணில் நிற்கும்போது தொட்டாலும் அவுட் இல்லை. அவனைப் பொறுத்தவரை ஆட்டமே அவனை நம்பித்தான் நடக்கிறது. மற்றவர்களுக்கோ அவன் கணக்கிலேயே இல்லை. ஆக, ஒரே பிள்ளை ஒரே நேரத்தில் மூன்றாம் பெட்டியிலும் ஆறாம் பெட்டியிலும் இருக்கிறான். அவன் அழாமலிருக்க நாலரை வயதுக்காரர்கள் கூடிப் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு இது. இதைவிடப் பெரிய சமூக வாழ்க்கை பாடப்புத்தகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

அதே 1932-ல் வெளிவந்த நூலில் உளவியலாளர் பியாஜே, சின்னப் பிள்ளைகளுக்குக் கோலி விளையாட்டின் விதிகள் மாற்றக்கூடாத புனிதம் என்று எழுதினார். சுவிட்சர்லாந்தில் அப்படி இருக்கலாம். நம் வகுப்பில் எந்த விதியும் அரை நாள் தாங்குவதில்லை: காலையில் காய் விட்டவர்கள் சோற்றுத் தட்டு வருவதற்குள் பழம் விட்டு ஒரே பாயில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ராஜபாளையம் பக்கம் போனால் ஆய்வு சட்டத்துக்குள் நுழைகிறது. நூற்பாலை ஊர். முப்பது பெண் தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம். சிராய்த்த முழங்காலுக்கும் தொலைவில் போகவேண்டாம். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர். வெயில் ஏறியதும் தகரச் சறுக்கு சுடும். மொத்த வகுப்பும் வேப்பமர நிழலுக்கு, அதாவது மணலுக்கு, இடம்பெயரும்.

அங்கேதான் சிதைப்போர் பிரச்சினை முற்றும். விளையாடும் உரிமையைத் தரும் 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 31-ஆம் பிரிவில், கலைப்பவனின் உரிமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரின் தீர்ப்பு தெளிவானது: கலைத்தவனே மணல் அள்ளித் தரவேண்டும். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுக்கிறார். அவனோ அன்றைக்கு வாளியைக் கையைவிட்டு இறக்குவதில்லை.